யோசித்து வாங்கிய மாதிரி

பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்து விற்கும் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநர் எதற்கு என்று அந்த ஆபீஸில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் முதலில் சங்கடப்படுகிறவர் அவராகத்தான் இருப்பார். சேர்மனின் ஒரே மகளைக் கட்டியவர். சேர்மன் வீட்டு மாடியிலேயே குடியிருப்பவர். முதுகுக்குப் பின்னால் ஆபீஸே அவரை ‘மாப்பிள்ளை’ என்றது. முகத்துக்கு நேராகச் சேர்மனும் அப்படித்தான் கூப்பிட்டார். ஒரு பட்டப்பெயர் ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்.

அன்று மதியம் அவர் நிர்வாகப் பிரிவு உதவி மேலாளரைக் கூப்பிட்டு அனுப்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் தன் இடமாற்ற உத்தரவையும் கையில் எடுத்துக்கொண்டு போனாள். டைப் அடித்து, முத்திரை வைத்து, கையெழுத்துக்காக மட்டும் மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருந்த உத்தரவு. அவள் கணவனுக்கு வேலை மாறிப்போன ஊரில் நிறுவனத்துக்கு ஒரு கிளை இருந்தது. கிளையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவள் மட்டத்து இடமாற்றத்துக்கு நிர்வாக இயக்குநரின் கையெழுத்தே போதும் என்று விதி தெளிவாகச் சொன்னது. ஆனால் மாப்பிள்ளை தன் அதிகாரத்தைப் புது சோபாவைப்போல பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே வைத்திருந்தார்.

“உக்காருங்க மேடம். இன்னைக்கு மாமாவுக்குப் பிறந்த நாளாம்.”

“ஆமா சார். காலையிலயே நோட்டீஸ் போர்டுல வாழ்த்து ஒட்டியாச்சு.”

“எனக்கு யாருமே சொல்லலையே!”

நோட்டீஸ் போர்டு அவர் அறைக் கதவை ஒட்டித்தான் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

“வெளியூர்லேர்ந்து இப்பத்தான் வீட்டுக்காரி போன் பண்ணினா. அப்பாவுக்கு என்ன வாங்கியிருக்கீங்கன்னு கேட்டா. பாத்தா அசந்துடுவேன்னு சொல்லிட்டேன்.”

“என்ன சார் வாங்கியிருக்கீங்க?”

“அதைத்தான் நீங்க சொல்லணும்.”

போன வருஷப் பரிசு இருவருக்குமே நினைவுக்கு வந்தது. சேர்மனின் முகத்தையே தட்டாக வைத்துச் செய்த சுவர்க் கடிகாரம். முட்கள் இரண்டையும் மூக்கில் பொருத்தியிருந்தார்கள். சேர்மன் அதை விருந்தாளிகள் முன்னால் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஒன்பதே காலுக்கு எனக்கு மீசை முளைக்குது மாப்பிள்ளை,” என்றார். மறுநாளே கடிகாரம் மாடிக்கு வந்துவிட்டது. இப்போது மாப்பிள்ளையின் கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. மாமனார் முகத்தில் மணி பார்த்துத்தான் அவர் தினமும் எழுந்திருக்கிறார்.

“இந்தத் தடவை சாக்லேட்டுன்னு முடிவு பண்ணிட்டேன்,” என்றார் மாப்பிள்ளை. “பெரிய இடத்துச் சாக்லேட். எங்க கிளப்புல எல்லாரும் அந்தக் கடையிலதான் வாங்கறாங்க. ஆனா ஒண்ணு, யோசிச்சு வாங்கின மாதிரி இருக்கணும்.”

“யோசிச்சே வாங்கிடலாமே சார்.”

“நேரம் எங்க இருக்கு? அதனாலதான் மாதிரின்னேன்.”

அவள் உத்தரவை மெல்ல மேஜைமேல் நகர்த்தினாள். அவர் அதை எடுத்துப் பார்த்தார். முதல் தடவை பார்ப்பதுபோலவே ஒவ்வொரு தடவையும் பார்ப்பது அவருக்குக் கைவந்த கலை.

“இதுதானே? போட்டுடலாம். நீங்க பெட்டியை நேரா வீட்டுக்கே கொண்டு வந்துடுங்க. அங்கேயே கையெழுத்துப் போட்டு உங்க கையில தர்றேன்.” உத்தரவைத் தன் தோல்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். கடன் வாங்கியவன் நகையை உள்ளே வைக்கும் சேட்டு மாதிரி இல்லை. திருடனே பயந்துகொண்டு எடுத்து வைப்பது மாதிரி இருந்தது.

அந்தக் கையெழுத்து தனக்கு எதற்கு என்பதற்கு அவள் விண்ணப்பத்தில் ‘குடும்பச் சூழல்’ என்று எழுதியிருந்தாள். குடும்பச் சூழல் என்றால் அவள் மாமனார். நல்ல ஆரோக்கியம். அவளைவிட வேகமாக நடப்பார். மகள் அடுத்த தெருவிலேயே இருக்கிறாள். வாங்கப்பா, வாங்கப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அவர் போக மாட்டார். அந்த வீட்டில் எல்லோரும் சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள். அங்கே போய் அவருக்கு என்ன வேலை? கணவன் வெளியூர் போனபோது, “அப்பா பழகற வரைக்கும் நீ கொஞ்ச நாள் இரேன்,” என்றான். அப்பா நன்றாகப் பழகிவிட்டார், அவள் இருப்பதற்கு.

சாக்லேட் கடைக்கு இரண்டு கதவுகள். ஒன்றைச் சாத்தினால்தான் மற்றது திறக்கும். உள்ளிருக்கும் குளிர் வெளியே போய்விடக் கூடாதாம். நடுவிலிருந்த கண்ணாடிக் கூண்டில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள், விற்பனைக்கு வைத்த பொம்மைபோல. உள்கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது.

உள்ளே தீவிர சிகிச்சைப் பிரிவின் அமைதி. சாக்லேட்டுகள் ஒன்றையொன்று தொடாமல், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப்போல, தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி விளக்கு. அவள் மாமனார் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார். விலை எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

கறுப்பு உடையும் வெள்ளைக் கையுறையுமாக ஓர் இளைஞன் வந்தான். சட்டையில் ‘சுவை ஆலோசகர்’ என்ற வில்லை.

“வாங்க. மூச்சை மெதுவா இழுங்க.”

“அவசரமா ஒரு பெட்டி வேணும் தம்பி. நல்லதா, பெருசா.”

‘பெருசா’ என்ற சொல் அவனை எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். கண்ணை மூடித் திறந்தான். “நாங்க விக்கறதில்ல மேடம். பொருத்தறோம்.”

“சரி, ஒண்ணைப் பொருத்திக் கொடுங்க.”

“யாருக்கு?”

“எங்க எம்.டி. அவரோட மாமனாருக்குக் கொடுக்கறாரு.”

“அப்ப கொடுக்கப் போறது நீங்க இல்லையா?” அவன் குரல் இன்னும் தாழ்ந்தது. துக்கம் விசாரிக்கிற குரல். “மன்னிக்கணும். பதில் ஆளுக்கு நாங்க பொருத்தறதில்ல. அன்பு கை மாறினா சுவை மாறிடும். போன வாரம் ஒரு பெரிய டாக்டரோட டிரைவர் வந்தாரு. கண்ணீரோட திருப்பி அனுப்பினோம்.”

“யார் கண்ணீர்?”

“எங்க கண்ணீர்தான்.”

அவள் திரும்பி நடந்தாள். உள்கதவு, கூண்டு, வெளிக்கதவு. தெருவில் நின்று யோசித்தாள். வேறு கடையில் வாங்கலாம். ஆனால் கிளப்பில் எல்லோரும் வாங்குகிற கடை இதுதான், பெட்டிமேல் இந்தக் கடையின் பொன்முத்திரை இல்லையென்றால் மாப்பிள்ளை அதைத் தொடவே மாட்டார். அவர் தொடாவிட்டால் அந்த ஜிப் திறக்காது. வெளிக்கதவு, கூண்டு, உள்கதவு.

“என் மாமனாருக்கு ஒரு பெட்டி வேணும்,” என்றாள்.

ஆலோசகன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அவளை ஜென்மத்தில் பார்த்ததில்லை என்பதுபோல, “வாங்க. மூச்சை மெதுவா இழுங்க,” என்றான்.

அவளை ஒரு சோபாவில் உட்காரவைத்தான். உட்கார்ந்தால் முழங்கால் முகத்துக்கு வரும் சோபா. யாராவது கை கொடுத்தால் ஒழிய எழுந்திருக்க முடியாது. போனை வாங்கி வெல்வெட் இழுப்பறைக்குள் வைத்தான். அதிர்வு சாக்லேட்டுக்கு ஆகாதாம். இழுப்பறை உடனே உறும ஆரம்பித்தது. மாப்பிள்ளைதான். நாலைந்து தடவை உறுமிவிட்டு ஓய்ந்தது.

“இப்ப சொல்லுங்க. உங்க மாமனார் எப்படிப்பட்டவர்?”

அவள் முதலில் நேர்மையாகத்தான் முயன்றாள். சேர்மனை நினைவுக்குக் கொண்டுவந்தாள். வரவேற்பறையில் மாட்டிய படம்தான் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீஸுக்கு வருவார், எல்லோரும் எழுந்து நிற்பார்கள், அவருடைய பின்தலை மட்டும் தெரியும்.

“கோட்டு போட்டிருப்பாரு,” என்றாள்.

“கோட்டுக்குள்ள யாரு இருக்காருன்னு கேட்டேன்.”

கோட்டுக்குள் யார் இருக்கிறார் என்று அந்த நிறுவனத்தில் எவருக்கும் தெரியாது. இழுப்பறை மறுபடி உறுமியது. கேட்பது மாமனாரைப் பற்றி. கைவசம் ஒரு மாமனார் இருக்கிறார். வீட்டில் இருக்கிறதை விட்டுவிட்டு வெளியில் ஏன் தேட வேண்டும்?

“விளக்கை அணைச்சுக்கிட்டே இருப்பாரு,” என்றாள். “எந்த ரூம்ல லைட் எரிஞ்சாலும் தூக்கத்துலகூடத் தெரிஞ்சிடும். நான் உள்ள இருக்கும்போதே அணைப்பாரு.”

“ஆஹா.” ஆலோசகன் குறிப்பெடுத்தான். “இருளை நேசிக்கிறவர். நல்ல கசப்புள்ள கறுப்புச் சாக்லேட். அடுத்தது?”

“நான் போன் பேசினா டி.வி. சத்தத்தைக் கூட்டுவாரு.”

“ஒலியில வாழறவர். கடிச்சா உடையற பருப்பு. அப்புறம்?”

“எதையும் நல்லா இருக்குன்னு சொன்னதே கிடையாது. ரொம்பப் பிடிச்சிருந்தா ‘பரவாயில்லை’ம்பாரு. அதுவும் சாப்பிட்டு முடிச்சு, கை கழுவி, வேற பேச்சுக்குப் போன பிறகு.”

“நிதானமா வெளிப்படற இனிப்பு!” அவன் கண்கள் பளபளத்தன. “நாக்குல வச்ச உடனே ஒண்ணும் தெரியாது. முழுங்கினப்புறம்தான் வரும். எங்ககிட்ட ஒண்ணு இருக்கு. யாருக்குப் பொருத்தறதுன்னு இத்தனை நாளாத் தெரியாம வச்சிருந்தோம்.”

அவளுக்கு நாக்கு நமநமத்தது. ஒரு வருஷமாக வாயைக் கட்டிப் போட்டிருந்தவள். கணவனிடம் சொன்னால், “அப்பா அப்படித்தான், உனக்குத் தெரியாததா,” என்பான். நாத்தனாரிடம் சொன்னால் அது சண்டை. இங்கே ஒருவன், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, “அப்புறம்?” என்று கேட்கிறான். அவள் சொன்னாள். தனக்கு முன்னால் யாரும் நியூஸ் பேப்பரைப் பிரிக்கக் கூடாது என்பார். கதவை மெதுவாகச் சாத்தினால் ஏன் ஒளிந்து போகிறாய் என்பார், சத்தமாகச் சாத்தினால் யார்மேல் கோபம் என்பார். நேற்றுத் தானே சொன்னதை இன்று நான் சொல்லவே இல்லை என்று சாதிப்பார். நாம் நம்புகிற வரைக்கும் விட மாட்டார். ஒவ்வொரு குறைக்கும் ஆலோசகன் ஒரு சாக்லேட் எடுத்து வைத்தான். ஒவ்வொன்றையும் அவள் முதலில் சுவைத்தே ஆக வேண்டும். கொடுக்கிறவர் நாக்கைத் தொடாதது பெறுகிறவர் மனதைத் தொடாதாம். மதியம் சாப்பிடாத வயிற்றில் கசப்பும் உப்பும் ஆரஞ்சுத் தோலும் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின.

கடைசியில் ஒரு தடித்த அட்டையும் பேனாவும் வந்தன. எந்தத் துண்டு எதற்காக என்று கொடுக்கிறவர் கைப்பட எழுத வேண்டும். கடையின் வழக்கம்.

‘பாசமும் கனிவும் நிறைந்த…’ என்று ஆரம்பித்தாள்.

“இது எல்லா மாமனாருக்கும் பொருந்துமே மேடம்,” என்றான் அவன், தோளுக்கு மேலிருந்து. “உங்க மாமனாருக்கு மட்டும் பொருந்தறதை எழுதுங்க.”

அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுத்தாள். எழுதினாள்:

கசப்பு: யார் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளக்கு எரியவிடாதவருக்கு.

பருப்பு: மற்றவர் பேச்சைவிடச் செய்தி முக்கியம் என்று அறிந்தவருக்கு.

மடிப்பு: காலைப் பேப்பரின் முதல் மடிப்பைத் தன் கையால் மட்டுமே பிரிப்பவருக்கு.

பின்னால் வரும் இனிப்பு: ‘பரவாயில்லை’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் செலவழிக்காதவருக்கு.

இப்படியே பெட்டியில் இருந்த எல்லாவற்றுக்கும். ஆலோசகன் வாசித்து முடித்துவிட்டு, கையுறையின் ஒரு விரலால் கண்ணோரத்தைத் துடைத்தான். “மாமனாரை இவ்வளவு கவனிச்ச மருமகளை நான் பாத்ததில்ல.” பிறகு விலையைத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, பரிசோதனை முடிவைக் கொடுக்கும் டாக்டர் மாதிரி நீட்டினான். அவள் பிரித்துப் பார்க்காமலே ஆபீஸ் கார்டை நீட்டினாள்.

“பெட்டியைக் குலுக்காதீங்க. படுக்க வைக்காதீங்க. மடியில வச்சுக்குங்க. போற வழியில பேசிக்கிட்டே போனா நல்லது.”

“பெட்டிகிட்டயா?”

“மனசுக்குள்ளதான்,” என்று சொல்லி, போனைத் திருப்பிக் கொடுத்து, அவளைச் சோபாவிலிருந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

மாப்பிள்ளை தோல்பையும் கையுமாக கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். சொந்த வீட்டு வாசலில் டெலிவரிக்குக் காத்திருக்கிறவர் மாதிரி ஒளிந்து ஒளிந்து நின்றார்.

“யோசிச்ச மாதிரி இருக்கா?”

“கடைக்காரனே அழுதுட்டான் சார்.”

“அப்ப சரி.” பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“சார், கையெழுத்து…”

“இதோ, கொடுத்துட்டு ஒரே ஓட்டமா வந்துடறேன். நீங்க இங்கேயே—”

“யாரு அது?” பால்கனியிலிருந்து ஒரு குரல் விழுந்தது. “மாப்பிள்ளை, யாரைத் தெருவுல நிறுத்தி வச்சிருக்கீங்க? உள்ள கூட்டிட்டு வாங்க. நம்ம வாசல் என்ன பஸ் ஸ்டாப்பா?”

கோட்டு இல்லாத சேர்மன் பாதியாகத் தெரிந்தார். பனியன் மேல் ஒரு துண்டு. கூடத்தில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது, அதுவும் அவர் தலைக்கு மேல். மற்றதெல்லாம் இருட்டு, மாப்பிள்ளை பழகிய கால்களோடு மேஜைகளைத் தடவி விலகி வந்தார், அவள் முழங்காலில் இடித்துக்கொண்டாள்.

“பிறந்த நாள் வாழ்த்துகள் மாமா. சின்னதா ஒரு… நானே யோசிச்சு…”

சேர்மன் பெட்டியைத் திறந்து சாக்லேட்டை விட்டுவிட்டு அட்டையை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியை வாய்விட்டுப் படித்தார். நிறுத்தினார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதை முணுமுணுத்தார். அதற்குப் பிறகு உதடு மட்டும் அசைந்தது.

“இதை நீங்களா எழுதினீங்க, மாப்பிள்ளை?”

“ஆமா மாமா.”

“மடிப்புன்னு போட்டிருக்கே, என்ன அது?”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். “அது வந்து… மடிச்சிருக்கும் மாமா.”

“எது?”

“மடிப்பு.”

சேர்மன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “ஏம்மா, நீ சொல்லு.”

“காலையில பேப்பர் வந்தா,” என்றாள் அவள், வேறு வழியில்லாமல், “அவருக்கு முன்னாடி யாரும் பிரிக்கக் கூடாது சார். பிரிச்சா செய்தி பழசாயிடுமாம்.”

“ஆயிடும்தானே!” சேர்மன் நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார். “இத்தனை வருஷமா இந்த வீட்டுல கத்தறேன், ஒருத்தருக்குப் புரியுதா? பழசாயிடுது! ஏம்மா, நீ எந்தப் பிரிவு?”

“நிர்வாகம் சார்.”

“நாளையிலேர்ந்து ஆபீஸுக்குப் போக வேண்டாம். இங்க வந்துடு. பின்பக்கம் ஒரு ரூம் இருக்கு, மேஜை போட்டுத் தரச் சொல்றேன். என்னைப் புரிஞ்ச ஒரு ஆளாவது பக்கத்துல இருக்கட்டும்.”

மாப்பிள்ளை தைரியத்தையெல்லாம் திரட்டினார். “மாமா, மேடம் டிரான்ஸ்ஃபர் கேட்டிருக்காங்க…”

“நான்தான் இங்க மாத்திட்டேனே. இதுவும் டிரான்ஸ்ஃபர்தான்.”

அவள் இருட்டில் அந்தப் பின்பக்க அறையைப் பார்த்தாள். பார்க்காமலே பார்க்க முடிந்தது. பகலெல்லாம் இந்த மாமனார், ராத்திரியெல்லாம் அந்த மாமனார். நடுவில் பஸ்ஸில் மட்டும் விளக்கு எரியும்.

“சார், ஒண்ணு சொல்லணும். அந்த அட்டையில இருக்கறது நீங்க இல்ல.”

“பின்ன?”

“எங்க மாமனார்.”

மாப்பிள்ளை சுவரோடு சுவராகிவிட முயன்றார். தன் அளவுக்கென்று தைத்த கோட்டை எதிர்வீட்டுக்காரன் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தவர்போல சேர்மன் அவளைப் பார்த்தார்.

“விளக்கு?”

“அவர்தான் சார்.”

“பரவாயில்லைன்னு சொல்றது?”

“அவரும் சொல்வாரு. நீங்களும் சொல்வீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“இருக்காது,” என்றார் சேர்மன். “என்னை மாதிரி இன்னொருத்தன் இருக்க முடியாது. எங்க, அந்த ஆளுக்கு போன் போடு.”

மறுக்க முடியவில்லை. போட்டாள். சேர்மன் போனை வாங்கி ஸ்பீக்கரைத் தட்டினார்.

“யாரு?” என்றது மாமனாரின் குரல். பின்னால் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. “சீக்கிரம் சொல்லுங்க. செய்தி ஓடுது.”

சேர்மன் முகம் மலர்ந்தது. “உங்க மருமக வேலை பாக்கற கம்பெனியோட சேர்மன் பேசறேன்.”

“பேசுங்க. என் மருமக கிளம்பிட்டாளா இல்லையா? கிளம்பும்போது சொல்ல மாட்டா. அவ ரூம்ல ஃபேன் சுத்திக்கிட்டே இருந்துச்சு, காலையிலேர்ந்து.”

“நிறுத்திட்டீங்களா?”

“பின்ன? நிறுத்தாம?”

“சபாஷ்,” என்றார் சேர்மன், தழுதழுத்து. “இங்கேயும் அதேதான் சார். மாடியில ஏ.சி. யாருமே இல்லாத ரூம்ல!”

“சொன்னா கோவம் வரும்.”

“கோவம் வரும்! அதைச் சொல்லுங்க!”

டி.வி. சத்தம் குறைந்தது. அவள் அந்த வீட்டில் வாழ்ந்த காலத்தில் தனக்காக ஒரு தடவையும் குறையாத சத்தம். இரண்டு பேரும் கரண்டு பில்லில் தொடங்கி, தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடத் தெரியாதவர்களுக்கு வந்து, அங்கிருந்து மருமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்து சேர்ந்தார்கள். பேசப்படுகிற இரண்டு பேரும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

“இவ புருஷன் இருக்கற ஊருக்கே ஓடிடப் பாக்கறா சார்,” என்றது போன். “மாத்தல் கேட்டிருக்காளாம். நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

சேர்மன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். “இப்படிப்பட்ட மனுஷனை விட்டுட்டா?” பிறகு போனிடம், “கவலையே படாதீங்க. அவங்க எங்கயும் போகல. நான் வாக்குக் கொடுக்கறேன்,” என்றார். போனைக் காதோடு அணைத்துக்கொண்டு, இன்னும் அந்தரங்கமாகப் பேச பால்கனிக்குப் போனார். போகிற வழியில் பழக்கதோஷத்தில் கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டார்.

இருட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெட்டி. மாப்பிள்ளை தடவி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“இது எது மேடம்?”

“எப்படி இருக்கு?”

“ஒண்ணும் தெரியலையே… இருங்க.” விழுங்கினார். “ஓ! இப்ப வருது.”

“பரவாயில்லை.”

“நல்லாவே இருக்கு,” என்றார் அவர், புரியாமல். அவளுக்கும் ஒன்றைத் தள்ளினார். பால்கனியிலிருந்து சேர்மன் சிரிக்கும் சத்தம் கேட்டது. “அவர் சிரிச்சு நான் கேட்டதில்ல மேடம்.”

“எங்க மாமனார் அந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டிருந்தா எனக்கும் இதுதான் முதல் தடவை சார்.”

கொஞ்ச நேரம் மென்றார்கள்.

“அந்த ஊர்ல வீடு எப்படி?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“ஒரே ரூம் சார். பக்கத்துல சமையல் பண்ண இடம். தண்ணி ஒருவேளைதான் வரும்.”

“நம்ம தொட்டி ஒண்ணு வச்சுக்குங்களேன்.”

“வைக்க இடம் இல்ல.”

“வேற யாரு இருப்பாங்க?”

“நாங்க ரெண்டு பேர்தான்.”

“வேற யாருமே இல்லையா?”

“இல்ல சார்.”

அவர் இன்னொரு சாக்லேட்டைத் தடவி எடுத்தார், வாயில் போடாமலே திரும்ப வைத்தார். அப்புறம் இருட்டில் ஒரு ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. தோல்பையிலிருந்து காகிதத்தை உருவி, சாக்லேட் பெட்டியின் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். “உங்க போன் அவர்கிட்ட இருக்கு. என்னோடதுல வெளிச்சம் போடறேன், கையால மறைச்சுக்குங்க. பால்கனிக்குத் தெரியப்போகுது.”

அவள் இரண்டு கைகளாலும் வெளிச்சத்தைப் பொத்திக்கொண்டாள். விதி கொடுத்த அதிகாரத்தை மாப்பிள்ளை முதன்முதலாக உறை பிரித்தார். கட்டைவிரலில் இருந்த சாக்லேட்டும் கையெழுத்தோடு சேர்ந்து பதிந்தது.

“உடனே அமலுக்கு வருதுன்னு இருக்கு. காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சுடுங்க. மத்தியானத்துக்குள்ள அங்க வேலையில சேர்ந்துட்டா அப்புறம் திருப்பிக் கூப்பிட ஆயிரம் பேப்பர் வேணும். அவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.”

“ஆனா நாளைக்கே தெரிஞ்சிடுமே சார். எங்க மாமனாரே சொல்லிடுவாரு. நீங்க என்ன பண்ணுவீங்க?”

“எனக்கென்ன மேடம்,” என்றார் மாப்பிள்ளை, வாயில் இன்னொன்றைப் போட்டுக்கொண்டே. “நான் எங்கயும் போகப் போறதில்லையே.”

அவள் வீட்டுக்கு வந்தபோது மாமனார் கதவைத் தட்டுவதற்கு முன்பே திறந்தார். கையில் டி.வி. ரிமோட், ஆனால் டி.வி. ஓடவில்லை.

“உன் சேர்மன் விஷயம் தெரிஞ்ச மனுஷன்,” என்றார். “ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. காரே அனுப்பறாராம். உன்னை எங்கயும் அனுப்ப மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டாரு.”

“ஆமா மாமா. நானும் பக்கத்துலதான் இருந்தேன்.”

“உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?”

இப்படி அவர் கேட்டதே இல்லை. அவள் கைப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இல்ல மாமா. பரண்மேல இருக்கற பெட்டியை எடுக்கணும். ஸ்டூலைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?”

“இந்நேரத்துக்குப் பெட்டி எதுக்கு?”

“தூசி தட்டத்தான்.”

அவர் குனிந்து இரண்டு கையாலும் ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டார். “உள்ளேயும் நல்லாத் தட்டு,” என்றார்.